ஆறு கிலோ நெல்

10க − 3(க − 2). இந்தக் கணக்கை, அல்லது இதன் உடன்பிறப்பு ஒன்றை, 24 வருடங்களாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். பலகையில் எழுதுவது ஆங்கில எழுத்துத்தான். இங்கே வாசிக்க வசதியாகத் தமிழெழுத்தாக்கிக் கொண்டேன். பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் 'அட்சரகணிதக் கோவைகளைச் சுருக்குதல்'. முதலில் அடைப்புக்குறியை நீக்க வேண்டும். பிறகு நிகர்த்த உறுப்புகளை ஒன்றுசேர்க்க வேண்டும். மொத்தம் இரண்டு வரி. விடை 7க + 6.

கதையும் கவிதையும் எழுதுகிற நண்பர்களுக்கு மத்தியில் ஒரு கணக்கு வாத்தியாருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். ஆனால் இருபது வருடமாக என் நெஞ்சில் கிடக்கிற ஒரு விசயம் இந்த இரண்டு வரிக்குள்தான் கிடக்கிறது. அதை வேறெங்கே கொண்டுபோய் எழுதுவது?

எங்கள் ஊர் கடற்கரையை விட்டு உள்ளே, வயல்வெளியின் ஓரத்தில் இருக்கிறது. 2005 ஆம் ஆண்டு. சுனாமி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கடற்கரையூர்களில் வீடிழந்து சொந்தக்காரரிடம் வந்து தங்கியிருந்தவர்களின் பிள்ளைகளும் எங்கள் பாடசாலைக்கு வந்தார்கள். வாங்குகள் போதவில்லை. மூன்று பேர் இருக்கிற வாங்கில் ஐந்து பேர். அப்போது எனக்கு வயது 27. கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதி, பல்கலைக்கழகம் போகக் கிடைக்காமல் ஆசிரியரானவன். பயிற்சியும் இல்லை. எனக்குக் கணக்கு வரும். அதனாலேயே மற்றவர்களுக்கு ஏன் வராது என்பது எனக்கு விளங்காது. நல்ல ஆசிரியர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது என்பது அப்போது தெரியவில்லை.

தரம் ஒன்பதில் கடைசி வாங்கில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். மெலிந்த உடம்பு, எந்நேரமும் சட்டையில் வைக்கோல் தூசு. வாப்பா கூலிக்கு வயல் செய்பவர். அன்று அவனைத்தான் பலகைக்கு அழைத்தேன். வெண்கட்டியை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் கணக்கைப் பார்த்தான். பிறகு எழுதினான்: 10க − 3க − 6. அதற்குக் கீழே 7க − 6.

"எப்பிடிடா கடைசியில சய ஆறு வந்த?"

"கழிக்கச் சொல்லித்தானே சேர் போட்டிருக்கு. ரெண்டு இடத்திலயும் கழிக்கத்தான் போட்டிருக்கு. கழிச்சன்."

இப்போது யோசித்தால் அது நேர்மையான பதில். அவன் அடைப்புக்குறிக்கு வெளியே நின்ற 3ஐ உள்ளே இருந்த இரண்டு உறுப்புகளுக்கும் ஒழுங்காகப் பங்கிட்டிருந்தான். வகுப்பில் பாதிப்பேர் அதைக்கூடச் செய்வதில்லை; 3(க − 2) என்றால் 3க − 2 என்று முதலாமவனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு அடுத்தவனைப் பட்டினி போட்டு விடுவார்கள். அவன் அந்தப் பிழையைச் செய்யவில்லை. கழித்தலைக் கழித்தால் என்ன ஆகும் என்ற ஓர் இடத்தில் மட்டுந்தான் தடுக்கி விழுந்தான். அந்த இடத்தில் கைகொடுக்க என்னிடம் இருந்தது ஒரேயொரு சூத்திரம்: மறை தர மறை நேர். அது ஏன் என்று அவன் கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரியாது. பதில் தெரியாத வாத்தியார் என்ன செய்வார்? நான் சிரித்தேன்.

"உனக்கு இது சரிவராதுடா. நீ சாக்குத் தூக்கப் போ" என்றேன்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டு அவன் போய் இருந்தான். அடுத்த வருடம் தரம் பத்தில் சில மாதங்கள் வந்தான். பிறகு வரவில்லை. எங்கள் ஊரில் அப்படி நிற்கிற பையன்கள் பலர். நானும் கணக்கெடுக்கவில்லை.

2007 இல் ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். இரண்டு வருடம். அங்கே நான் கற்றுக்கொண்டவற்றில் நிறைய நல்லவை உண்டு. பிள்ளையின் பிழையைப் பார்த்ததும் சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு 'இவன் எப்படி யோசித்திருப்பான்' என்று கேட்க வேண்டும் என்பதை அங்குதான் முதலில் கேள்விப்பட்டேன். ஆனால் நிகர்த்த உறுப்புகளைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்குக் காட்டப்பட்ட வழி பழக்கடை வழி. 'அ' என்றால் அப்பிள், 'வ' என்றால் வாழைப்பழம். மூன்று அப்பிளும் இரண்டு அப்பிளும் ஐந்து அப்பிள், ஆகவே 3அ + 2அ = 5அ. மூன்று அப்பிளும் இரண்டு வாழைப்பழமும் சேராது, ஆகவே 3அ + 2வ அப்படியே நிற்கும். கேட்க எவ்வளவு இனிப்பு! பயிற்சி முடிந்து வந்ததும் மட்டையில் பழங்கள் வெட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

முதல் நாளே சறுக்கியது. "சேராமப் போறதுக்கு என்ன சேர், எல்லாம் பழந்தானே. அஞ்சு பழம்" என்றான் ஒருவன். இன்னொருவன் 5அவ என்று எழுதினான். இரண்டு குவியலையும் ஒரு பையில் போட்டால் அவன் கண்ணுக்கு அப்படித்தானே தெரியும்! அடுத்த வாரம் பெருக்கல் வந்தது. முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி எழும்பி, "அப்பிளை வாழைப்பழத்தால பெருக்கினா என்ன சேர் வரும்?" என்று கேட்டாள். கேலிக்கு அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மணியடித்ததால் தப்பினேன்.

பழத்தில் பிழையில்லை, அந்த எழுத்தில்தான் பிழை. 'அ' என்பது அப்பிள் அல்ல. அது ஓர் எண். அப்பிளின் விலையாக இருக்கலாம், நிறையாக இருக்கலாம், எத்தனை அப்பிள் என்ற எண்ணிக்கையாக இருக்கலாம். அப்பிளாக இருக்க முடியாது. எண்ணென்றால் பெருக்கலாம், கழிக்கலாம், அடைப்புக்குறிக்குள் அடைக்கலாம். பொருளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. இங்கிலாந்துப் பிள்ளைகள் எழுத்துக்களை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று கியூச்மன் என்பவர் ஆராய்ந்து 1981 இல் எழுதியிருக்கிறார். எழுத்தைப் பொருளாக எடுத்துக்கொள்வதை அவர் தனி வகையாகவே பிரித்துக் காட்டுகிறார். எனக்கு அது பிந்தித்தான் வாசிக்கக் கிடைத்தது. அதற்கு முதலே எனக்கு வேறொரு பாடம் நடந்துவிட்டது.

2013 பெரும்போக அறுவடை. உம்மாவின் பெயரில் ஒன்றரை ஏக்கர் வயல் இருக்கிறது. அந்த முறை வெள்ளாமை பரவாயில்லை. நாற்பது மூடை. எல்லா மூடையையும் 65 கிலோவுக்கு நிறுத்துத் தைத்திருந்தோம். நெல் வாங்குகிறவரின் ஆட்கள் உழவு இயந்திரப் பெட்டியோடு வந்தார்கள். மூடைக்கு 2 கிலோ கழிவு: சாக்குக்கும் ஈரத்துக்கும். அது சரியா, அநியாயமா என்று எல்லாப் போகத்திலும் சண்டை நடக்கும்; கடைசியில் கழிவு போகத்தான் செய்யும். தராசடியில் கொப்பியோடு நின்றவனைப் பார்த்தேன். அவன்தான். தோள் அகன்று, மீசை வைத்து, ஆளே மாறியிருந்தான். ஆனால் சட்டையில் அதே வைக்கோல் தூசு.

"சேர், சுகமா?" என்றான்.

நாற்பது மூடையும் நிறுத்து ஏற்றியாயிற்று. 2600 கிலோ, கழிவு 80, மிச்சம் 2520 என்று எழுதிக் காட்டினான். அந்த நேரம் பார்த்து உம்மா கோல் எடுத்து, சாப்பாட்டுக்கு மூன்று மூடை வைத்துக்கொள்ளச் சொன்னார். மூன்று மூடையை இறக்கி வைத்தார்கள். நான் வாத்தியார் அல்லவா? மனதிலேயே கணக்குப் பார்த்தேன். மூன்று அறுபத்தைந்து 195. இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபதில் 195 போனால் 2325.

"அப்ப 2325 கிலோக்கு எழுதுங்க தம்பி."

அவன் கொப்பியில் இருந்து நிமிரவில்லை. "2331 சேர்" என்றான்.

"எப்பிடி?"

"எறக்கின மூண்டு மூடைக்கும் முதல்லயே கழிவு எடுத்தாச்சே சேர். நெல்ல நீங்க திருப்பி எடுத்தா கழிவ நாங்க திருப்பிக் குடுக்கணும். ஆறு கிலோ."

கொஞ்சம் பொறுத்து, வேறொரு விதமாகவும் சொன்னான்: "இப்ப முப்பத்தேழு மூடை. மூடைக்கு அறுபத்திமூண்டு. பெருக்கிப் பாருங்க."

பெருக்கிப் பார்த்தேன். 2331.

வரம்பில் நின்றபடியே எனக்கு வியர்த்தது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், இந்த இடத்தில் கணக்கைக் கொஞ்சம் விரித்துத்தான் ஆகவேண்டும். ஒரு மூடையின் நிறை க. கழிவு போக க − 2. நாற்பது மூடைக்கு 40(க − 2). அதிலிருந்து மூன்று மூடையைத் திருப்பி எடுத்தோம்: 40(க − 2) − 3(க − 2). நான் செய்தது என்ன? நாற்பது மூடைக்கு 40க − 80 என்று விரித்தேன். மூன்று மூடைக்கு வரும்போது 3கவை மட்டும் கழித்துவிட்டு அந்த 2ஐ மறந்துபோனேன். அவன் மறக்கவில்லை. 40க − 80 − 3க + 6. க உள்ளவற்றை ஒரு பக்கம் சேர்த்தால் 37க. வெறும் எண்களைச் சேர்த்தால் சய 74. 37க − 74. கவுக்கு 65 போட்டால் 2405இல் 74 கழிய 2331. அந்த '+ 6' எங்கிருந்து வருகிறது என்பதற்கு எட்டு வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு சூத்திரம் இருந்தது. அவனிடம் இப்போது ஒரு காரணம் இருந்தது. எடுக்காத நெல்லுக்குக் கழிவு எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அதைவிட என்னைத் திகைக்க வைத்தது அவன் சொன்ன இரண்டாவது விதம். அவன் அடைப்புக்குறியைத் திறக்கவே இல்லை. கழிவு போன ஒரு மூடையை, அப்படியே வாய் தைத்த நிலையில், ஒரு நிகர்த்த உறுப்பாக எடுத்துக்கொண்டான். நாற்பது அப்படி, மூன்று அப்படி, மிச்சம் முப்பத்தேழு அப்படி. 37(க − 2). அடைப்புக்குறியைக் கண்டதும் உடைக்க வேண்டும் என்று பழக்கப்பட்ட எனக்கு, உடைக்காமலும் ஒன்றுசேர்க்கலாம் என்பது மண்டையில் உறைக்க ஒரு வயல் வரம்பு தேவைப்பட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆறு கிலோ அவனுடைய முதலாளிக்குப் போயிருக்க வேண்டியது. நானே 2325 என்று சொன்ன பிறகு அவன் பேசாமல் எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

வாடியில் எல்லோரும் தேத்தண்ணி குடித்தோம். அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஏன் பாடசாலைக்கு வராமல் விட்டாய் என்று கேட்டேன். தெரிந்தே கேட்ட கேள்வி.

"வாப்பாக்கு ஏலாமப் போயித்து சேர். நான்தானே மூத்தவன்." கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "கணக்குப் பாடம் எண்டா எனக்கு நல்ல விருப்பம். நீங்க அண்டைக்கி அடிச்சிருந்தா மறந்திருப்பன் சேர். நீங்க சிரிச்சீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயிலெறித்தது என்று சொல்வதுபோலச் சொன்னான். மன்னிப்புக் கேட்க நா வரைக்கும் வந்தது. அதற்குள் பெட்டியைப் பூட்டி உழவு இயந்திரம் கிளம்பிவிட்டது. உண்மையைச் சொல்வதானால், உழவு இயந்திரம் நின்றிருந்தாலும் நான் கேட்டிருப்பேனோ தெரியாது. அவன் ஏறிப் போனான்.

அதற்குப் பிறகு பழ மட்டைகளை வீசிவிட்டேன். ஒரு வெற்றுச் சாக்கோடு வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். அடைப்புக்குறிதான் சாக்கின் வாய். வெளியே நிற்கிற எண் எத்தனை சாக்கு என்று சொல்கிறது. உள்ளே இருப்பது ஒவ்வொரு சாக்கிலும் இருக்கிறது. ஆகவே ஒன்றைப் பெருக்கிவிட்டு மற்றதை விட்டுவிட இயலாது. வயற்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை. கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் விலைக்கழிவு என்று மாற்றிச் சொல்லிக்கொள்வார்கள்.

கூடவே இன்னொரு பழக்கத்தையும் கொண்டுவந்தேன்: சுருக்கி முடித்ததும் எழுத்துக்கு ஓர் எண்ணைப் போட்டு இரண்டு பக்கத்தையும் பார்ப்பது. 3(க − 2)இல் கவுக்கு 5 போட்டால் 9. 3க − 2 என்று எழுதியவனுக்கு 13 வரும். 3க − 6 என்று எழுதியவளுக்கு 9 வரும். சரி பிழையை நான் சொல்லத் தேவையில்லை, எண்ணே சொல்லிவிடும். என் சிவப்புப் பேனைக்கு வேலை குறைந்தது.

இதிலும் ஒரு பொறி இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் ஒரு பிள்ளைதான். 3க + 2ப = 5கப என்று எழுதிவிட்டு, "சேர், போட்டுப் பாத்தன், சரி" என்று நின்றாள். கொப்பியை வாங்கிப் பார்த்தேன். கவுக்கும் 1, பவுக்கும் 1. இந்தப் பக்கம் 5, அந்தப் பக்கமும் 5! கவுக்கு 2 போடச் சொன்னேன். ஒரு பக்கம் 8, மறுபக்கம் 10. அவள் முகம் போன போக்கை மறக்க முடியாது. இதைப்போலத்தான் 2கவும் க வர்க்கமும். 2 போட்டால் இரண்டும் 4, வேறுபாடே தெரியாது. 3 போட்டால் ஒன்று 6, மற்றது 9. ஒன்றும் இரண்டும் யாருக்கும் தலையாட்டுகிற சாட்சிகள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பெரிய எண்ணாக, இரண்டு எழுத்துக்கும் இரண்டு வேறு எண்ணாகப் போடு. அதுவும் பிழையைப் பிடிப்பதற்குத்தான்; சரியென்று நிறுவ அந்தச் சாக்குத்தான் வேண்டும்.

அப்பிளை வாழைப்பழத்தால் பெருக்கக் கேட்ட பிள்ளைக்கும் ஒரு பதில் பிறகு கிடைத்தது. 1150 அளவில் பீஜகணிதம் எழுதிய பாஸ்கரர் அறியாக் கணியங்களுக்கு நிறங்களின் பெயர் வைத்திருக்கிறார்: கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. ஒரே நிறத்தை ஒரே நிறத்தோடு சேர்க்க வேண்டும். வேறு நிறங்களைத் தனித்தனியே வைக்க வேண்டும். ஆனால் அவருடைய நீலம் ஒரு பொருளல்ல, தெரியாத ஓர் எண்ணின் பெயர். ஆகவே கறுப்பையும் நீலத்தையும் பெருக்கலாம். அந்தப் பெருக்கத்துக்கு 'பாவிதம்' என்று தனிப்பெயரே உண்டு. அதற்குள் அந்தப் பிள்ளை கலியாணமாகிப் போய்விட்டாள்.

எங்கள் மீலாத் மேடைகளில் ஒரு வசனம் தவறாமல் வரும்: அல்ஜிப்ரா முஸ்லிம்கள் உலகுக்குக் கொடுத்தது. கைதட்டல் கிடைக்கும். நானும் பேசியிருக்கிறேன், கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் அல் குவாரிஸ்மி அந்த நூலில் என்ன எழுதினார் என்று நான் பார்த்தது வெகு பிந்தி, பிரெடெரிக் ரோசன் 1831 இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு கைத்தொலைபேசியில் அகப்பட்டபோதுதான். கலீபா மஃமூன் 813 முதல் 833 வரை ஆண்டார். அவர் காலத்துப் பக்தாதில் எழுதப்பட்ட நூல். முன்னுரையில் அவர் தன் நூல் யாருக்கு வேண்டும் என்று சொல்கிறார்: வாரிசுப் பங்கு, மரணசாசனம், சொத்துப் பிரிப்பு, வழக்கு, வியாபாரம், நிலம் அளத்தல், வாய்க்கால் வெட்டுதல். படித்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் திண்ணையில் அஸருக்குப் பிறகு பேசப்படுவது முழுவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. நூலின் பிற்பகுதி பெரும்பாலும் மரணசாசனக் கணக்குகள்தான்.

அந்த நூலில் ஓர் எழுத்துக்கூட அறியாக் கணியமாக இல்லை. க இல்லை, ப இல்லை, சக சய குறிகள் இல்லை. எல்லாம் வசனம். தெரியாத எண் 'ஷைஃ', அதாவது ஏதோவொன்று. அதன் வர்க்கம் 'மால்'. பைத்துல்மால் என்கிறோமே, அந்த மால். வெறும் எண்ணுக்குத் திர்ஹம். மாலோடு மால் சேரும், ஷைஃயோடு ஷைஃ சேரும், திர்ஹத்தோடு திர்ஹம் சேரும். அவர் தரும் புதிர்களில் ஒன்று இது: பத்தை இரண்டாகப் பிரித்தேன், ஒரு பங்கைத் தன்னோடு தானே பெருக்கினால் வருவது, இரண்டு பங்கையும் ஒன்றோடொன்று பெருக்கியதன் நாலு மடங்கு. பங்குகள் எவை?

ஒரு பங்கு ஷைஃ என்றால் மற்றது பத்தில் ஷைஃ குறைந்தது. இரண்டையும் பெருக்கினால் பத்து ஷைஃ, ஒரு மால் குறைய. அதை நாலு மடங்காக்கினால் நாற்பது ஷைஃ, நாலு மால் குறைய. பாருங்கள், அந்த நாலு உள்ளே இருக்கிற இரண்டுக்கும் போயிருக்கிறது. இப்போது ஒரு மால் என்பது நாற்பது ஷைஃயில் நாலு மால் குறைந்தது. குறைந்த நாலு மாலைத் திருப்பிக் கொடு. மறுபக்கத்திலும் அதே நாலைக் கூட்டு. ஒன்றும் நாலும் ஐந்து மால், நாற்பது ஷைஃ. ஆகவே ஒரு மால் எட்டு ஷைஃ. பங்குகள் 8, 2. சரி பார்த்தால் எட்டெட்டு 64, எட்டிரண்டு 16இன் நாலு மடங்கும் 64.

குறைந்ததைத் திருப்பிக் கொடுத்து முழுதாக்குவதற்குத்தான் 'ஜப்ர்' என்று பெயர். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அறபியில் அதே சொல். அந்தச் சொல் ஸ்பெயினுக்குப் போய், முறிவு நெரிவு வைத்தியரை அங்கே 'அல்ஹெப்ரிஸ்தா' என்று அழைத்திருக்கிறார்கள். கண்டிப்பாகப் பேசினால் ஜப்ர் என்பது சமன்பாட்டின் இரு பக்கத்திலும் செய்கிற வேலை. நான் இங்கே பேசுகிற அடைப்புக்குறிக் கணக்கில் சமன்பாடே இல்லை. இரண்டையும் ஒன்றென்று எழுதினால் என் ஆலோசகர் விடமாட்டார். ஆனாலும் 'நாலு மாலைத் திருப்பிக் கொடு' என்ற வரியை வாசித்தபோது எனக்குக் கேட்ட குரல் பக்தாதில் இருந்து வந்ததல்ல. தராசடியில் இருந்து வந்தது. கழிவ நாங்க திருப்பிக் குடுக்கணும் சேர்.

மேடையில் இப்போது நான் அந்த வசனம் பேசுவதில்லை. மூத்தாப்பாவின் காணியைப் பங்குபோட இன்னொருவரைத் தேடி ஓடுகிற ஊரில், அல்ஜிப்ரா நம்முடையது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அவனுக்கு இப்போது சொந்தமாக ஒரு தராசும் உழவு இயந்திரமும் இருக்கின்றன. வழியில் கண்டால் சலாம் சொல்வான், நிற்பான், பயிரைப் பற்றிப் பேசுவோம். 2013 இல் நாவரை வந்த சொல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதைச் சொல்லப்போய் பழையதைக் கிளறி விடுவேனோ என்று ஒரு சாட்டு வைத்திருக்கிறேன். சாட்டு என்று எனக்கே தெரியும்.

இந்த வருடம் அவனுடைய மூத்த மகள் தரம் எட்டில் என் வகுப்பில் இருக்கிறாள். முன்வாங்கு. வாப்பாவின் கண்கள். போன மாதம் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தபோது அவளுடைய கொப்பியும் வந்தது. ஏழாவது கணக்கு: 10க − 3(க − 2). அதற்குக் கீழே சுத்தமான எழுத்தில் 10க − 3க − 6. அதற்கும் கீழே 7க − 6.

வகுப்பில் நான் சாக்கைக் காட்டிய இரண்டு நாளும் அவள் காய்ச்சலில் வராமல் இருந்தவள். அடுத்த நாள் அழைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். சிவப்புப் பேனை கையில் இருந்தது. அதை மூடி வைத்துவிட்டு, பென்சிலை எடுத்து ஓரத்தில் இப்படி எழுதினேன்: 'ஒரு மூடைக்குக் கழிவு 2 கிலோ. பத்து மூடையில் மூன்றைத் திருப்பி எடுத்தால்? பத்து மூடைக்கும் கழிவு எடுக்கவில்லை, இந்த மூன்றுக்கு மட்டுந்தான் எடுத்திருந்தது. மகள், இதை வாப்பாவிடம் காட்டிக் கேளுங்கள். இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான்.'

கடைசி வசனத்தை எழுதிவிட்டு அழித்தேன். பிறகு திரும்பவும் எழுதினேன்.

அடுத்த நாள் காலை, இடாப்புக் கூப்பிடுவதற்கு முதலே அவள் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பிழையை அழிறப்பரால் அழித்திருக்கவில்லை. அதற்குக் கீழே பென்சிலால் மூன்று மூடைகள் வரைந்திருந்தன. ஒவ்வொரு மூடையின் வாயிலும் ஒரு 2. ஒவ்வொரு இரண்டிலிருந்தும் ஓர் அம்புக்குறி திரும்பி வந்தது. பக்கத்தில் அவளுடைய எழுத்தில் 7க + 6. மூடைகளை வரைந்த கை அவளுடையதல்ல.

"வாப்பா என்ன சொன்ன புள்ள?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லல்ல சேர். சிரிச்ச."